புரையோடிய கால்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சர்க்கரை வியாதி என்று சொல்வேன். அது பொய் இல்லை. ஆலைக்குக் கரும்பு அனுப்பும் எங்கள் ஃபிஜி ஊர்களில் சர்க்கரையால் கால் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தினமும் தங்கள் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டால் நல்லது. ஆனால் அதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை.

தவுவாவில் ஒரு பள்ளியில் பல வருஷம் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தேன். ஓய்வு பெற்றபின் லவுத்தோகாவுக்குப் பக்கத்தில் சவேனியில் மகனோடு இருந்தேன். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகன் தர்மன் ஹோட்டல்களில் குளிர்சாதன மெக்கானிக். மருமகள் சரிதா இந்திக்காரர் வீட்டுப் பெண். அவர்களுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை. வீட்டுப் பேச்சு ஃபிஜி இந்தியில் நடக்கும். தர்மனுக்குத் தமிழ் காதில் விழுந்தால் பெரும்பாலும் புரியும், பேச வந்தால் கொஞ்சம்தான் வரும். சரிதாவுக்கு அதுவும் இல்லை.

எண்பத்தேழில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்தது. வெளிநாட்டுப் பயணிகள் வருவது நின்றது. சிகடோகாப் பக்கத்து ஹோட்டல்களில் அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத அறைக்குக் குளிர்சாதனம் எதற்கு? தர்மனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். எங்கள் பாட்டன்மார் மதராஸிலிருந்து கப்பலில் வந்தார்கள். பேரன்மார் விமானத்தில் கிளம்ப ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்கள் டாக்டர்களும் ஆசிரியர்களும் கணக்கர்களும். பிறகு தச்சர், மெக்கானிக், டிரைவர் எல்லாரும். சரிதாவின் அம்மா அப்பா, தம்பிகள், எல்லாரும் வான்கூவர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி.

தர்மனுக்கும் கனடா விசா வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து. ஆனால் செப்டம்பர் மாதக் கடைசிக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். அவர்கள் செய்துகொண்ட வைத்தியப் பரிசோதனை அதுவரைக்கும்தான் செல்லும். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் விசா இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். விசா தர்மன் பெயரில் என்பதால் அவன் போகாமல் சரிதாவும் குழந்தையும் மட்டும் போகவும் முடியாது. நான் தவுவாவில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. சரி என்று முதலில் சொன்னவன் நான்தான்.

அந்த வருஷம் எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியில் நான் காப்புக் கட்டிக்கொண்டேன். கோயிலில் எனக்குப் பெரியவர் என்ற இடம் இருந்தது. தீ மிதித்து வந்தவர்களின் கால்களைப் பார்ப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தவனை நெருப்புச் சுடாது. சுட்டால் அவன் விரதத்தில் குறை. யாருக்காவது கொப்புளம் கண்டால் நான் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன தப்புச் செய்தாய் என்று கேட்பேன். மாமிசமா, சாராயமா, பெண்டாட்டியா? அவர்கள் தலைகுனிந்து ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். ஒன்றும் செய்யாதவனும் எதையாவது ஒப்புக்கொள்வான்.

மாஸ்டர் மகனுக்காக மிதிக்கிறார், கனடாவில் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மிதிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். சவேனிக் கடலில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, உடுக்கைச் சத்தத்தோடு கோயிலுக்கு நடந்து வந்தோம். பூக்குழியின் முன்னால் நின்றேன். கனலின் அந்தப் பக்கத்தில் சரிதா குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அம்மனைப் பார்த்து மனதுக்குள் சொன்னது இதுதான்: தாயே, இவன் போகாமல் இருக்கட்டும்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டு வரவில்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை. பிறகு இறங்கி நடந்தேன்.

சுடவே இல்லை. ஒரு சின்னச் சூடுகூட இல்லை. மணலில் நடப்பது போல் இருந்தது. பால் குழியில் கால் வைத்து ஏறியபோது எனக்கு அழுகை வந்தது. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பல வருஷம் சர்க்கரை இருந்தால் காலில் இருக்கும் நரம்புகள் மெல்லச் செத்துப்போகும், சூடும் வலியும் தெரியாது, டாக்டர்கள் அதை நியூரோபதி என்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு எல்லார் காலையும் நான் பார்த்தேன். என் காலை யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளே நான்தானே.

மறுநாள் குளிக்கும்போது மஞ்சள் கரைந்து போனபின் பார்த்தேன். இடது உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே, தோல் வெள்ளையாகப் பொங்கி நின்றது. அழுத்தினால் உள்ளே நீர் ஓடியது. வலி இல்லை. சட்டென்று கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அந்தக் குளியலறைக்குள் வேறு யாரும் இல்லை, இருந்தாலும் போட்டேன்.

காலைக் காட்டினால், என்ன தப்பு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. அதனால் காட்டவில்லை.

வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசி, துணி சுற்றி, அதற்கு மேல் காலுறை போட்டேன். வீட்டுக்குள்ளும் கான்வாஸ் ஷூவைக் கழற்றவில்லை. குளிர்கிறது என்றேன். கொப்புளம் உடைந்தது. மேலே தோல் மூடி ஆறிவிட்டது போல் தெரிந்தது. சில நாள் கழித்து அந்த இடத்தைச் சுற்றிக் கறுத்தது. பிறகு நாற்றம் வந்தது.

எங்கள் வீடு மரக்கால்களின் மேல் நிற்கும் வீடு. அடியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று சரிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். தர்மன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனான். நான் மேலே பலகையில் நின்றுகொண்டு, கீரிப்பிள்ளையாக இருக்கும், அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார் என்று வழி சொன்னேன். அவன் முழங்கை சிராய்த்துக்கொண்டு ஒன்றும் கிடைக்காமல் வெளியே வந்தான். மறுநாள் மறுபடி போனான். அன்று மாலை சரிதா வீடெல்லாம் சாம்பிராணி போட்டாள். என் அறைக்கு வந்ததும் நின்று என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மாமனாரிடம் அப்படி ஒன்றை எந்த மருமகள் கேட்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் குளிர் காய்ச்சல் கண்டு பல் கிட்டிக்கொண்டது. சரிதா போர்வையை இழுத்துக் காலை மூடப் போனபோது காலுறை நனைந்திருப்பதைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. தர்மனைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னாள். காலுறையை வெட்டி எடுத்தபின் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நானும் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். பாதி உள்ளங்கால் இல்லை.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் டாக்ஸியும் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் தன் கரும்புத் தோட்டத்து வேனை எடுத்தார். ரோட்டில் ஒரு ராணுவக்காரப் பையன் நிறுத்தினான். எங்கே போகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை தெரியாதா என்று கேட்டபடி பின் கதவைத் திறந்து போர்வையைத் தூக்கினான். உடனே துப்பாக்கியை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “துலோ, துலோ” என்று பின்வாங்கினான். ஃபிஜியர்கள் பெரியவர்களைக் கடந்து போகும்போது மன்னிப்புக் கேட்கும் சொல் அது. தானே ஓடித் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம்தான் அதிகம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். இருந்த டாக்டர்களில் பாதிப்பேர் விமானம் ஏறிவிட்டார்கள். மீதிப்பேர் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் புண்ணைத் துடைத்துக் குப்பியில் போட்டார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்ப்பதற்காம். எலும்புக்குள் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஆண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டில்.

கட்டுப் போட வந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். லித்தியா என்ற ஃபிஜியப் பெண். தவுவாவில் என்னிடம் படித்தவள். எனக்கு முகம் நினைவில்லை. பெயரைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் ஒரு பெண் ஞாபகம் வந்தாள். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதும்போது வாய்விட்டுச் சொன்னாள்: ஃபெஸ்டரிங்.

“மாஸ்டர், இந்த வார்த்தைய நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க” என்றாள் இங்கிலீஷில்.

உண்மைதான். ஃபெஸ்டர் என்ற சொல்லை வருஷா வருஷம் நான்காம் ஃபாரத்துக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். புண் சீழ் வைத்து மேலும் மேலும் கெட்டுப்போவது ஒரு பொருள். தீர்க்காமல் விட்ட கோபமோ பகையோ உள்ளுக்குள்ளேயே முற்றுவது இன்னொரு பொருள். தமிழில் சீழ் கோத்துக்கொண்டது, பழுத்துவிட்டது என்கிறோம். ஃபிஜி இந்தியிலும் ‘பக் கயா’, பழுத்துவிட்டது என்பார்கள். ஆனால் அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு மிக அருகில் வருவது புரையோடுதல் என்பது என் அபிப்பிராயம். மேலே தோல் மூடியிருக்கும், அடியில் குடைந்துகொண்டே போகும்.

பொருளைவிட அதை எங்கே பயன்படுத்துவது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். கத்தி பட்ட உடனே அந்தச் சொல்லைப் போடக்கூடாது. எவ்வளவு பெரிய காயமாக இருந்தாலும் முதல் நாளில் அது வராது. நாள் ஆகியிருக்க வேண்டும், அத்தனை நாளும் யாரும் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேடுங்கள் என்பேன். உதாரணத்துக்கு, இரண்டு கரும்புக்காரர்கள் வேலித் தகராறைப் பேசாமல் விட்டுவிட்ட கதையைச் சொல்வேன். லித்தியாவுக்கு அந்த வேலிக் கதைகூட நினைவிருந்தது. சொல்லிச் சிரித்துக்கொண்டே புண்ணில் உப்புநீரை ஊற்றினாள். பிறகு கேட்டாள்:

“இத்தனை நாளா இத யாரு பாத்துக்கிட்டிருந்தாங்க, மாஸ்டர்?”

யாரும் பார்க்கவில்லை என்றேன். அவள் நிமிர்ந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற சரிதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை குற்றம் சாட்டியது. நான் மறைத்து வைத்தேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் செமி என்று ஒரு கிழவர். சிகடோகா ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம். ஃபிஜியர், ஆனால் எங்களைவிட நன்றாக ஃபிஜி இந்தி பேசுவார். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கால். ஆணி ஏறியதாம். நான் தீ மிதித்த கதையைக் கேட்டுவிட்டு வார்டே கேட்கும்படி சிரித்தார். எங்கள் பெங்காத் தீவு ஆட்கள் பழுக்கக் காய்ந்த கல்லின் மேல் நின்று பேசிவிட்டு வருவார்கள், நீங்கள் கரியில் ஓடியே காலைச் சுட்டுக்கொள்கிறீர்கள், அடுத்த தடவை எங்களிடம் கேட்டுக்கொண்டு நடங்கள் என்றார். அவர் காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் உடனே தலையாட்டிவிட்டார். மண்வெட்டியை மகன் பிடிப்பான், திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறது, கால் எதற்கு என்றார்.

அடுத்த நாள் அந்த டாக்டர் என்னிடம் வந்தார். பர்மாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த சர்ஜன். மெதுவாகப் பேசுவார். எலும்பிலேயே கிருமி பிடித்திருக்கிறது, அதை ஆஸ்டியோமைலைட்டிஸ் என்பார்கள் என்று விளக்கினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். இப்போதே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் மேலே நல்ல தோல் இருக்கிறது, சீக்கிரம் ஆறும், இரண்டு மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால், செத்த சதையை அவ்வப்போது வெட்டி எடுத்து, தினமும் கட்டு மாற்றி, ஊசி மருந்து போட்டுப் பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் எடுக்க வேண்டியும் வரலாம். தன் யோசனை முதல் வழி என்றார்.

தர்மன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அப்போது ஆகஸ்ட் மாதக் கடைசி. இரண்டு மூன்று வாரம் என்றதும் அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடியதைப் பார்த்தேன். அவன் கனடா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

“நீங்க சொல்றது தான் அப்பா” என்றான் தமிழில். “உங்க கால்.”

நான் டாக்டரிடம், காலைக் காப்பாற்றிப் பாருங்கள் என்றேன்.

இதில் ஒளிவு வேண்டாம். காலை இழக்கப் பயம் எனக்கு இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அந்தப் பயம் மட்டும் இருந்திருந்தால் டாக்டர் சொன்னதைக் கேட்டிருப்பேன், நான் படித்தவன். மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் சொன்னபோது என் காதில் விழுந்தது அந்த வார்த்தைதான். என் காலை வைத்துக்கொள்ள நான் ஆசைப்படுவதை எவனும் தப்புச் சொல்ல முடியாது. அந்த நியாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் என் கையை விட்டுப் போயின. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். டிப்ரைட்மென்ட் என்று பெயர். உயிர் இல்லாத சதையை, இரத்தம் கசியும் இடம் வரைக்கும் சீவி எடுப்பது. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் கொஞ்சம் மேலே போயிருக்கும். இரவில் வார்டில் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். எனக்கு முனகவும் வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

தீர்ந்துபோன சில மருந்துகளை வெளியே மருந்துக் கடையில் வாங்கி வர வேண்டியிருந்தது. விமான டிக்கெட்டுக்கு என்று வைத்திருந்ததிலிருந்து தர்மன் எடுத்தான். அதை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சரிதா ஒவ்வொரு மத்தியானமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். சர்க்கரைக்குச் சோறு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மெல்லிசாக ரொட்டி தட்டி, கத்தரிக்காய்க் கறியோடு கொண்டுவருவாள். நகம் வெட்டிவிடுவாள். பின்பக்கம் புண் வராமல் இருக்க என்னைப் புரட்டிப் படுக்க வைத்துப் பவுடர் போடுவாள். பெற்ற மகளாக இருந்தால்கூட நான் கூச்சப்படுவேன். அவள், “ஷரம் மத் கரோ, பப்பா” என்பாள். வெட்கப்படாதீர்கள் என்று. வீட்டுக்கு அடியில் செத்த கீரிப்பிள்ளையைத் தேட வைத்ததை மட்டும் அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

செப்டம்பர் பாதியில் செமி வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்குப் புண் சுத்தமாக ஆறியிருந்தது. மகன் சக்கர நாற்காலியைப் பிடித்திருக்க, என் கட்டில் அருகே நிறுத்தச் சொன்னார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

“மாஸ்டர், டாக்டர்கிட்ட சொல்லிடு, எடுக்கட்டும்” என்றார். “அந்தப் பொண்ணு தினமும் அங்க குழாயடியில நின்னு அழுவுது. பாத்திரம் கழுவற மாதிரி தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவுது. அவங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியாமே. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. சரிதா என்னிடம் சொல்லவில்லை. வான்கூவரில் அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்பதைச் செமியிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்ல முடிந்திருக்கிறது, என்னிடம் முடியவில்லை.

அன்று சாயங்காலமே லித்தியாவைக் கூப்பிட்டு, டாக்டரை வரச் சொல், காலை எடுத்துவிடட்டும் என்றேன். அவள் என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். முகம் மாறியது. அப்போதே எனக்கு நடுக்கம் ஆரம்பித்திருந்தது. காலில் இருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. செப்டிசீமியா என்பார்கள். அதன் பிறகு எனக்கு ஒழுங்கான நினைவு இல்லை. முகத்தில் ரப்பர் மூடி இருந்தது. யாரோ என் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வகுப்பில் நின்று பதில் சொல்வதாக நினைத்தேன். உயிரைக் காப்பாற்றவே அவசரமாகக் காலை எடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எடுத்தபின்பும் பிழைப்பேனா என்று யாருக்கும் தெரியவில்லையாம். தவுவாவிலிருந்து என் தம்பி வந்து, கொள்ளி வைக்க நீ இருக்க வேண்டும்டா என்று தர்மனிடம் சொல்லியிருக்கிறான்.

கண் விழித்தபோது வெளிச்சமாக இருந்தது. தர்மன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

சொன்னான். அக்டோபர் பிறந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. கால் போனது தெரிவதற்கு முன்னால், சரிதாவின் அம்மா நினைவுக்கு வருவதற்கு முன்னால், இவன் இங்கேதான் இருக்கிறான் என்ற நிம்மதி. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு அழுதேன். நான் காலுக்காக அழுகிறேன் என்று தர்மன் நினைத்துக்கொண்டான்.

“கோயி பாத் நஹி, அப்பா” என்றான். பரவாயில்லை என்று. என் முகத்தைத் துடைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தர்மன் மறுபடி விண்ணப்பித்தான். அதற்குள் கனடாக்காரர்களின் விதி மாறியிருந்தது, அவன் தொழிலுக்கு ஆள் தேவையில்லை என்றார்கள். சரிதாவின் அம்மா அடுத்த வருஷம் வான்கூவரில் இறந்தாள். செய்தி பக்கத்து வீட்டு ஃபோனில் வந்தபோது சரிதா என் காலின் மிச்சத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தாள். கையைக் கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தேய்த்து முடித்தாள். பிறகுதான் உள்ளே போனாள். இரண்டாயிரத்தில் மறுபடி கலகம் வந்து, நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நாமும் போயிருந்தால் என்று அன்றைக்குக்கூட அவள் சொல்லவில்லை. பேத்தி வளர்ந்து, நர்ஸ் படித்து, ஆஸ்திரேலியா போய்விட்டாள். தர்மனும் சரிதாவும் என்னோடு இருக்கிறார்கள். ஊரில் என்னைக் கொடுத்து வைத்தவர் என்கிறார்கள்.

தீமிதிக்கு நான் அதன் பிறகு போகவில்லை. கால் இல்லாதவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

போன மாதம் ஒரு காலையில் தர்மன் எனக்குப் பொய்க்காலை மாட்டிக்கொண்டிருந்தான். நானே மாட்டிக்கொள்வேன், இப்போது கை நடுங்குவதால் அவன் செய்கிறான். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். உச்சியில் முடி கொட்டி, சுற்றிலும் நரைத்த தலை. அறுபது தாண்டிவிட்டது அவனுக்கு. இதைத் தமிழில் சொன்னால் பாதி புரியாமல் போய்விடும், அப்படித் தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்கே தோன்றியது. அதனால் அவன் பாஷையில் சொன்னேன்.

“ஹம் தேவி ஸே மாங்கா ரஹா கி தும் நயி ஜாவ்.”

நீ போகக்கூடாது என்று அம்மனிடம் கேட்டேன். பூக்குழியில் கேட்டேன். கொப்புளத்தை அதனால்தான் மறைத்தேன். டாக்டர் முதல் தடவை கேட்டபோது, தேதி தெரிந்துதான் வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் இரண்டு வார்களில் ஒன்றைப் பூட்டியிருந்தான். இன்னொன்று அவன் கையில் இருந்தது. அதைக் கீழே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

பாதி மாட்டிய காலோடு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து சரிதா, டீ ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். எனக்குப் போகவும் முடியவில்லை, காலைக் கழற்றவும் முடியவில்லை.

வெயில் நன்றாக ஏறியபின் அவன் வந்தான். மறுபடி மண்டியிட்டு, தொங்கிக்கொண்டிருந்த வாரை இழுத்துப் பூட்டினான். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. சரிதாவிடம் சொன்னீர்களா என்று இந்தியில் கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தான்.

“அவகிட்ட சொல்லாதீங்க, அப்பா” என்றான். அதை மட்டும் தமிழில் சொன்னான்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும் நாட்களில் சரிதா காலையும் மாலையும் டீ கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். என்ன பப்பா, இவ்வளவு எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்த கதை என்கிறேன். பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.